பெருங்குடலுக்கு ஓய்வு

மயக்கம் தெளிந்ததும் ஜவுபர் முதலில் கேட்டது தண்ணீர். அடுத்துக் கேட்டது, வயிற்றின் வலது பக்கம் ஒட்டிக் கிடக்கும் இந்தப் பை என்னவென்று. டொக்டர் அதைப் பற்றி முன்கூட்டியே சொல்லித்தான் இருந்தார். ஆனால் அன்று அவன் காதில் ஏறியது 'கட்டி' என்ற ஒரே சொல். மற்றதெல்லாம் வெளியே பெய்யும் மழை மாதிரி வெறும் இரைச்சலாகப் போய்விட்டது.

ஆஸ்பத்திரி வாட்டில் மூத்த தாதி கேதீஸ்வரி. காரைதீவுக்காரி, ஐம்பது தாண்டியவர். நோயாளிகள் எல்லோருக்கும் அவர் 'மிஸ்ஸி'. அவர்தான் பையைத் திறந்து காட்டினார். வயிற்றுத் தோலை மீறிக்கொண்டு, சிவப்பாக, ஈரமாக, ஒரு கொய்யாப் பிஞ்சு அளவில் ஏதோ வெளியே நின்றது.

"இது உங்கட சிறுகுடல்தான், ஜவுபர். கடைசிப் பக்கம். பெருங்குடல்ல கட்டி இருந்த துண்ட வெட்டி எடுத்துப்போட்டு ரெண்டு முனையையும் பொருத்தி இருக்கு. அந்தப் பொருத்து ஆறுமட்டும் அதால ஒண்டும் போகக்கூடா. அதுதான் வழிய இடையில மறிச்சு இப்பிடி வெளியில எடுத்துவிட்டிருக்கு. பெருங்குடலுக்கு ஓய்வு."

"எவ்வளவு காலத்துக்கு மிஸ்ஸி?"

"நாலஞ்சு மாசம். பிறகு உள்ளுக்க வெச்சு மூடிருவாங்க. தொட்டுப் பாருங்க, நோகாது."

அவன் தொடவில்லை. பார்த்துக்கொண்டிருக்கும்போதே அது தானாக ஒருமுறை சுருங்கி நீண்டது. நாற்பத்தொரு வருடமாகத் தனக்குள்ளே யாரும் சொல்லாமல் வேலை செய்துகொண்டிருந்த ஒன்றை இப்படிப் பட்டப்பகலில் பார்க்க நேர்ந்தது அவனுக்கு வெட்கமாக இருந்தது. முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டான்.

ஜவுபருக்குச் சொந்த ஊர் இறக்காமம். நெல் வெட்டும் மெசின் ஓட்டுவது தொழில். கல்யாணம் முடித்துச் சாய்ந்தமருதில் மனைவி வீட்டுக்கு வந்து பதினெட்டு வருடமாகிறது. அந்தப் பக்கத்து வழக்கம் அதுதான். வீடு பெண்ணுக்கு, மாப்பிள்ளை வந்து சேருகிறவன். மனைவி நபீலா, பத்தாம் வகுப்புப் படிக்கும் மகள் நிஹ்லா, மாமி சல்மா உம்மா. மாமி அவனை ஒருநாளும் குறைவாக நடத்தியதில்லை. ஆனால் நேரே நின்று கதைத்ததும் இல்லை. அவன் வீட்டில் இருந்தால் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு கதவுக்கு அந்தப் பக்கம் நின்று, "நபீலா, மருமகனுக்குச் சோத்துக்கு ஆணம் ஊத்து" என்பார். அவனும், "மாமியச் சாப்பிடச் செல்லு" என்று நபீலாவிடமே சொல்வான். இரண்டு பேருடைய கதையும் நபீலா வழியாகத்தான் போய்வரும்.

அந்த வீட்டுக்குத்தான் அவன் பையோடு வந்து சேர்ந்தான்.

சுவரோடு சுவர் ஒட்டிய தெரு. அடுத்த வீட்டில் கரண்டி விழுந்தால் இங்கே கேட்கும். பையோ நேரம் காலம் பார்க்காமல் சத்தம் போடும். மூக்கு உறிஞ்சுவது போல, சில வேளை பழைய கதவு திறப்பது போல. அடக்க வழியில்லை. அடக்குவதற்கான தசை எல்லாம் கீழே, ஓய்வில் இருக்கும் பக்கத்தில் இருந்தது. சத்தம் வரும்போதெல்லாம் அவன் இருமுவான். அவன் இருமினால் நிஹ்லா புத்தகத்தில் தலையைக் கவிழ்ப்பாள்.

கொஞ்ச நாளில் தன் சாப்பாட்டின் போக்குவரத்து முழுவதும் அவனுக்குப் பாடமாகிவிட்டது. பகல் சாப்பிட்டது மாலைக்குள் பைக்கு வந்துவிடும். சோறு தடயமில்லாமல் கரைந்து, மஞ்சளும் பச்சையும் கலந்த கஞ்சியாக வரும். மீன் அப்படியே மறைந்து போகும். சோளன் மணி மட்டும் போட்டது போட்டபடி வரும். கீரைத் தண்டு நாராக வரும். வாழைப்பழம் தின்றால் கஞ்சி இறுகும். பால் குடித்தால் தண்ணீராக ஓடும். சோற்றைக் கரைக்கும் அதே நீர், பை ஓரம் கசிந்தால் தோலையும் கரைக்கப் பார்த்தது. தோல் வெந்து சிவந்து எரியும். நபீலா இளஞ்சூட்டுத் தண்ணீரில் துணி நனைத்துத் துடைத்து, ஈரம் போகக் காற்றுக் காட்டி, புதுப் பையை வட்டமாக வெட்டி ஒட்டுவாள். ஒன்றும் சொல்ல மாட்டாள். அவள் ஒன்றும் சொல்லாமல் இருப்பதுதான் அவனுக்குத் தாங்க முடியாமல் இருந்தது.

"நான் செய்யிறன், அத வெய்" என்பான்.

"உங்களுக்குக் குனிஞ்சு பாக்க ஏலா. பேசாமப் படுங்க."

உடம்பு களைத்துக்கொண்டே வந்தது. என்ன தின்றாலும் தாகம். நாக்கு ஒட்டிப்போய்க் கிடக்கும். எந்நேரமும் தண்ணீர்ப் போத்தலும் கையுமாக இருந்தான். உப்பும் சீனியும் சேர்ந்த ஜீவனிப் பொடியைக் கரைத்துக் குடி, கஞ்சியில் உப்புப் போட்டுக் குடி, வெறுந்தண்ணீரை அளவோடு குடி என்று கேதீஸ்வரி கிளினிக்கில் சொல்லியிருந்தார். ஜீவனியின் ருசி அவனுக்குப் பிடிக்கவில்லை. தண்ணீர் தண்ணீர்தானே என்று நினைத்தான்.

நோன்பு மாதம் வந்தது. பெரும்போக நெல் வெட்டு முடிகிற நேரம்; வெயில் மண்டையைப் பிளக்கும். நோன்புக்கு முந்திய வெள்ளிக்கிழமை, ஜும்ஆ கலைந்து ஆட்கள் போன பிறகு ஜவுபர் றாஸிக் மௌலவியிடம் போய், தலையைக் குனிந்தபடி கேட்டான்.

மௌலவி பொறுமையாகக் கேட்டார். "ஒவ்வொரு வக்துத் தொழுகைக்கும் கை கால் கழுவி வுழூ செஞ்சிட்டுத் தொழுங்க. பையில என்ன இரிந்தாலும் உங்கட தொழுகைக்குப் பழுதில்ல. உங்களுக்கு அது உதுறு, மார்க்கம் ஏத்துக்கொள்ளுற காரணம். நோன்பு இப்ப புடிக்காதீங்க. டொக்டரும் வேணாம் எண்டா வேணாம்தான். சுகமான பிறகு விட்ட நோன்பக் களாச் செய்யலாம்."

கேட்க நிம்மதியாகத்தான் இருந்தது. ஆனால் முதல் நோன்பன்று பகல், நபீலா அறைக்குள் சோற்றுக் கோப்பையை மூடிக் கொண்டுவந்து வைத்து, கதவைச் சாத்திவிட்டுப் போனாள். வீடு அடங்கிக் கிடந்தது. அடுப்புச் சத்தம் இல்லை. வெளியே நிஹ்லா குர்ஆன் ஓதிக்கொண்டிருந்தாள். அவன் ஒரு பிடி சோற்றை வாயில் வைத்தான். அந்த நேரம் பார்த்துப் பை நீளமாக ஒரு சத்தம் போட்டது. ஓதல் ஒரு கணம் நின்று, பிறகு கொஞ்சம் உரக்கத் தொடர்ந்தது. கதவுக்கு வெளியே மாமியின் செருப்புச் சத்தம் வந்து, கடந்து, சமையலறைப் பக்கம் போனது.

வாயில் இருந்ததை விழுங்கிவிட்டு, மீதியைத் தொடாமல் கோப்பையை மூடிவைத்தான்.

மறுநாள் விடியுமுன் சஹருக்கு எழும்பி எல்லோரோடும் சாப்பிட்டான். நபீலா அவனைப் பார்த்தாள்.

"என்ன இது?"

"எனக்கு ஏலும். புடிச்சிப் பாக்கிறன்."

நோன்பு காலத்தில் நபீலா ரோல்ஸும் கட்லட்டும் செய்து கடைகளுக்குக் கொடுப்பாள். முந்திய நாள் முழுவதும் எண்ணெய்க்கு முன்னால் நின்றவள். வாதாட அவளிடம் தெம்பு இருக்கவில்லை. "ஏலாட்டி விட்டிருங்க" என்று மட்டும் சொல்லிவிட்டுப் பாத்திரங்களை எடுத்துக்கொண்டு போனாள்.

தாகம் வரக்கூடாதென்று அவன் சஹரில் செம்பு செம்பாகத் தண்ணீர் குடித்தான். வயிறு தளம்பும் வரைக்கும். காலை ஆகுமுன்பே அவ்வளவும் பைக்கு வந்துவிட்டது; அதை ஊற்றிவிட்டு வந்தால் மறுபடி நிறைந்திருந்தது. முதல் நாள் எப்படியோ போனது. அடுத்த நாள் எழுந்து நின்றால் தலை சுற்றியது. சிறுநீர் தேயிலைச் சாயம் மாதிரி, அதுவும் கொஞ்சம்தான் போனது. யாரிடமும் சொல்லவில்லை.

அதற்கு அடுத்த நாள் இறக்காமத்திலிருந்து ஹாதிக் தொலைபேசி எடுத்தான். மெசினின் சொந்தக்காரன் அவன்தான். ஜவுபரோடு ஒன்றாகப் படித்தவன்.

"மெசின் ஒரு மாதிரிக் கத்துது மச்சான். புதுசா ஓட்டுறவனுக்கு விளங்கல்ல. நீ வந்து ஒருக்காக் கேட்டா மட்டும் போதும். ஏற வேணா."

யாரோ தன்னை ஒரு வேலைக்குக் கூப்பிட்டு எவ்வளவோ காலமாகியிருந்தது. ஜவுபர் சேர்ட்டை மாற்றிக்கொண்டு, நபீலா குளித்துக்கொண்டிருந்த நேரம் பார்த்துப் புறப்பட்டுவிட்டான்.

வயலில் நிழல் என்று ஒன்றும் இல்லை. மெசின் நெல்லை ஒரு பக்கம் எடுத்து, வைக்கோலைப் பின்னால் துப்பிக்கொண்டு வந்தது. அவன் வரம்பில் நின்று காதைக் கொடுத்தான். பெல்ட் ஒன்று தளர்ந்திருக்கிறது, அவ்வளவுதான். அதைச் சொல்லக் கையைத் தூக்கியபோது விரல்கள் விரியவில்லை. கோழிக்கால் மாதிரி மடங்கி நின்றன. பிறகு கெண்டைக்கால் இரண்டும் முறுக்கிக்கொண்டன. வரம்பிலேயே சரிந்தான்.

ஹாதிக் ஓடி வந்து அவன் தலையை மடியில் வைத்தான். போத்தலை வாய்க்குக் கிட்டக் கொண்டுவந்தான். ஜவுபர் பல்லைக் கடித்துக்கொண்டான்.

"வாயத் தொற ஜவுபர். நோன்பு போனாப் போகட்டும். நீ போயிறாத."

அவன் தலையை அசைத்தான். கண்ணுக்கு முன்னால் வைக்கோல் தூசி வெள்ளையாகப் பறந்தது. அதற்குப் பிறகு வாயைத் திறந்தானா இல்லையா என்பது அவனுக்கு நினைவில்லை. ஹாதிக்கிடம் கேட்கவும் இல்லை.

விழித்தபோது பழைய வாட், பழைய கூரை விசிறி. இரண்டு கையிலும் சேலைன் ஏறிக்கொண்டிருந்தது. கேதீஸ்வரி கட்டில் ஓரத்தில் நின்று துளிகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்கு அன்று இரண்டு வாட்டுக்கும் சேர்த்து வேலை. கோபப்படக்கூடக் களைப்பாக இருந்தது போலும்; குரலை உயர்த்தவேயில்லை.

"கிட்னி ரெண்டும் நிண்டுபோகப் பாத்திருக்கு. தண்ணி குடிச்சனீங்களா?"

"சஹருக்கு நிறையக் குடிச்சன் மிஸ்ஸி. எல்லாம் பைக்குள்ள போயிட்டு."

"ஓம், போகும்தான்." அவர் பக்கத்து முக்காலியில் உட்கார்ந்தார். "சோத்தில, மீனில இருக்கிற சத்தெல்லாம் சிறுகுடலோட முடிஞ்சிரும். உள்பக்கம் பட்டுத்துணி மாதிரி, மயிர் மயிரா இருக்கும். அதால உறிஞ்சி ரத்தத்துக்கு அனுப்பிரும். அது உங்களுக்கு நல்லாத்தான் வேல செய்யுது. ஆனா அது நிறையத் தண்ணிய மிச்சமா விட்டிரும். அந்தத் தண்ணியையும் உப்பையும் கடைசியாப் புடிச்சு உடம்புக்குத் திருப்பிக் குடுக்கிறது பெருங்குடல். அதைத்தானே மூடி வெச்சிருக்கு. வெறுந்தண்ணி குடிக்கக் குடிக்க, அது போகக்குள்ள உங்கட உப்பையும் இழுத்துக்கொண்டு போகும். நீங்க குடிச்சே காஞ்சு போயிருக்கீங்க."

ஜவுபர் கண்ணை மூடிக்கொண்டான். குடித்தே காய்ந்துபோவது என்பது அவனுக்கு விளங்கியது. சேலைனில் இருந்த உப்பு உடம்புக்குள் பரவ, விரல்கள் ஒவ்வொன்றாக இளகின.

மாலை நபீலா வந்தாள். உடுப்பில் எண்ணெய் மணம். கட்டிலில் உட்காராமல் நின்றாள்.

"என்னத்துக்கு இந்த நோன்பப் புடிச்சீங்க? மௌலவியும் வேணாம் எண்டாரு, டொக்டரும் வேணாம் எண்டாரு. ஆருக்குக் காட்ட?"

"மாமி நோன்போட இரிக்கக்குள்ள அந்த வீட்டில நான் எப்பிடி உக்காந்து திங்கிற? அதுவும் இந்தச் சத்தத்தோட" என்றான்.

நபீலாவின் முகம் அழுவதற்குத்தான் போனது. வழியில் என்னவோ மாறி, வெறும் பெருமூச்சாக முடிந்தது. அவள் இப்போது கட்டிலில் உட்கார்ந்தாள்.

"உம்மாக்குச் சீனி வருத்தமும் பிரசரும். அவவுக்கும் நோன்பு புடிக்க வேணாம் எண்டுதான் கிளினிக்கில செல்லி இரிக்கி. போன வருசமே செல்லிட்டாங்க. மருமகனுக்கு முன்னால பகல்ல எப்பிடிச் சோறு திங்கிற எண்டு அவவும் கேக்கா. முந்தநாள் குசினிக் கதவுக்குப் பின்னால வேர்த்து விறுவிறுத்துப் போய் உக்காந்து கிடந்தா. நான்தான் சீனித் தண்ணி பருக்கின. ஒருத்தரிட்டயும் செல்லாத எண்டா." அவள் தன் கையைப் பார்த்தாள்; எண்ணெய் தெறித்த புள்ளிகள். "ரெண்டு பேருக்கும் ரெண்டு பேரிலயும் வெக்கம். நடுவில நான் ஒருத்தி சாகிறன்."

வீட்டுக்கு வந்ததன் மறுநாள் பகல், லுஹர் தொழுகை முடிந்ததும் நபீலா சமையலறையில் பாய் விரித்தாள். தெருப்பக்க ஜன்னலைச் சாத்தினாள். இரண்டு கோப்பையில் சோறு போட்டாள். உம்மாவைக் கையைப் பிடித்துக் கூட்டிவந்து ஒரு பக்கம் இருத்தினாள். ஜவுபரைக் கூப்பிட்டு மறுபக்கம் இருத்தினாள்.

"தின்னுங்க. நான் படுக்கப் போறன்" என்று சொல்லிவிட்டு, உண்மையிலேயே போய்ப் படுத்துவிட்டாள்.

சல்மா உம்மா முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு சுவரைப் பார்த்தபடி இருந்தார். ஜவுபர் சோற்றைப் பார்த்தபடி இருந்தான். யார் முதலில் கை வைப்பதென்று தெரியவில்லை. வெளியே தெருவில் மீன்காரனின் ஹோர்ன் கேட்டுத் தேய்ந்தது. அப்போது பை சத்தம் போட்டது. இருமுவதற்கு அவன் மூச்சை இழுத்தான். களைப்பில் இருமலும் வரவில்லை.

"என்ட வயிறும் இப்பிடித்தான் மருமகன் கத்துற" என்றார் சல்மா உம்மா, சுவரிடமே. "உள்ளுக்குக் கிடக்கிறதால ஒருத்தருக்கும் கேக்கிறல்ல."

பதினெட்டு வருடத்தில் அவர் அவனிடம் நேராகச் சொன்ன முதல் வசனம் அது.

"ஓம் மாமி" என்றான்.

"ஆணத்துக்கு உப்புக் கூடப் போடச் சென்னேன். உங்களுக்கு உப்பு வேணுமாமே."

"ஓம். எனக்கு வேணும். உங்களுக்குக் கூடா."

"எனக்கு வேற சட்டியில இரிக்கி."

அவர் முதலில் கை வைத்தார். அவனும் வைத்தான். மீன் பாலாணம், பூசணிக்காய், அவ்வளவுதான். அவன் முழுக் கோப்பையையும் தின்றான்.

அன்றிலிருந்து பெருநாள் வரைக்கும் பகல் சாப்பாடு அந்த மூடிய சமையலறையில்தான். பெரிய கதை ஒன்றும் கதைத்துக்கொள்ளவில்லை. கீரையைக் கண்டால் மாமி தன் பக்கம் இழுத்துக்கொள்வார். தண்டு போய் அடைத்துவிடும் என்று நபீலாவிடம் கேட்டு வைத்திருந்தார். அவர் மருந்துக் குளிசையை மறந்தால் ஜவுபர் எடுத்துக் கொடுப்பான். ஒருநாள் அவர், உள்ளே இருப்பதெல்லாம் எவ்வளவு நீளம் என்று கேட்டார். சிறுகுடல் மட்டும் இருபது அடி என்றான். அவர் சமையலறையைச் சுற்றிப் பார்த்து, "அப்ப இங்கேருந்து கிணத்தடி மட்டும்" என்று தனக்குள் சொல்லிக்கொண்டு சாப்பாட்டைத் தொடர்ந்தார். சாப்பிட்டு முடிந்ததும் இரண்டு பேரும் வாயைக் கொப்பளித்து, நோன்பாளிகள் மாதிரியே முகத்தை வைத்துக்கொண்டு வெளியே வருவார்கள். நிஹ்லா எல்லாம் தெரிந்தும் ஒன்றும் தெரியாத மாதிரி இருந்தாள்.

பெருநாள் போன பிறகு குடலை உள்ளே வைத்து மூடும் சத்திரசிகிச்சைக்கு அழைப்பு வந்தது. அது முந்தியதைப் போலப் பெரிதில்லை. ஆனால் அதற்குப் பிறகு வந்த காத்திருப்பு பெரிதாக இருந்தது. டொக்டரின் கை பட்டதும் குடல் எல்லாம் வேலையை நிறுத்தி உறங்கிப்போகுமாம். காற்றுப் பிரிந்தால்தான் வழி திறந்ததென்று அர்த்தம். அதுவரை வாயில் ஒன்றும் வைக்கக்கூடாது. டொக்டர் வந்து காதுக்குழாயை வயிற்றில் வைத்துக் கேட்டார். உதட்டைப் பிதுக்கிக்கொண்டு போனார். வயிறு வீங்கி, மத்தளம் மாதிரி நின்றது. பார்க்க வந்தவர்கள் எல்லோரும் கேட்டது ஒரே கேள்வி.

"காத்துப் போச்சா?"

"இல்ல" என்று சொல்லிச் சொல்லி அவனுக்கு அலுத்துவிட்டது. பக்கத்துக் கட்டில்காரரின் மனைவியும் கேட்டுவிட்டுப் போனார். மாதக் கணக்காக அடக்க முடியாமல் வெட்கப்பட்டவன், இப்போது ஒரே ஒரு காற்றுக்காக ஊரே காத்திருக்கப் படுத்துக் கிடந்தான். வராண்டாவில் மெல்ல மெல்ல நடந்தான். நடந்து களைத்துப் படுத்தான். மறுபடி நடந்தான்.

அது வந்தபோது பார்வையாளர் நேரம். ஹாதிக்கும் நபீலாவும் நின்றார்கள். கட்டிலின் கால்மாட்டில், வீட்டை விட்டு அதிகம் வெளியே வராத சல்மா உம்மாவும் முக்காட்டோடு நின்றார். ஜவுபர் புரண்டு படுக்கப்போனான். சந்தேகத்துக்கே இடமில்லாமல், நீளமாக, வாட்டின் அந்தக் கோடி வரைக்கும் கேட்டது.

ஒருவரும் சிரிக்கவில்லை. "அல்ஹம்துலில்லாஹ்" என்றார் சல்மா உம்மா, தொழுகையில் சொல்வதைப் போலவே நிதானமாக. நபீலா கட்டில் கம்பியைப் பிடித்தபடி முகத்தைக் கைக்குள் புதைத்துக்கொண்டாள். கேதீஸ்வரி வந்து குறிப்பெழுதிவிட்டு, "இனித் தேயிலைச் சாயத் தண்ணி ரெண்டு மடக்குக் குடுக்கலாம்" என்றார்.

அதோடு முடிந்ததென்று நினைத்தால், முடியவில்லை. ஓய்வில் இருந்த பெருங்குடல் வேலையை மறந்து போயிருந்தது. வந்ததைத் தேக்கி, தண்ணீரை உறிஞ்சி, நேரம் பார்த்து விடவேண்டும் என்பது அதற்கு ஞாபகம் வரக் கிழமைக் கணக்காகப் பிடித்தது. ஜவுபர் மலசலகூடமும் அறையுமாக நடந்தான். ஒரு பிடி சோறு உள்ளே போனால் ஓடவேண்டும். எரிச்சலில் உட்கார முடியாது. சில நாள், பை இருந்தபோதே நிம்மதியாக இருந்ததே என்றுகூட நினைத்தான். நினைத்ததற்காகத் தன்னையே திட்டிக்கொண்டான். வெட்டி எடுத்த துண்டின் ஓரத்தில் நோய் இல்லை என்று பரிசோதனை சொல்லியிருந்தது. இருந்தாலும் கிளினிக்குக்குப் போய்க்கொண்டே இருக்கவேண்டும். வருடக் கணக்காக.

சிறுபோகத்து விதைப்பு முடிந்த ஒரு பிற்பகல், கிளினிக் போய்விட்டு வெயிலில் வந்தவன், சேர்ட்டைக் கழற்றிவிட்டு நடு அறையின் சீமெந்துத் தரையில் குப்புறப் படுத்தான். வயிறு தரையில் பட்டதும் குளிர்ந்தது. எங்கேயும் ஒன்றும் அமுங்கவில்லை, கசியவில்லை. இப்படிப் படுத்து எவ்வளவு காலம் என்று நினைக்கத் தொடங்கியவன், நினைத்து முடிக்குமுன்பே தூங்கிப்போனான்.

அஸர் பாங்கு சொன்னபோது நபீலா அவனை எழுப்ப வந்தாள். கன்னம் தரையில் நசுங்கி, வாய் திறந்து, அடித்துப்போட்ட மாதிரிக் கிடந்தான். அவள் தோளைத் தொடக் குனிந்தாள். பிறகு தொடாமல், பக்கத்துச் சுவரில் சாய்ந்து காலை நீட்டி உட்கார்ந்தாள். கொஞ்சம் பொறுத்து எழுப்பலாம் என்றுதான் உட்கார்ந்தாள். அவளுக்கும் கண் சொருகியது.

சமையலறையில் இருந்து எட்டிப் பார்த்த சல்மா உம்மா, இரண்டு பேரையும் அப்படியே விட்டுவிட்டு, வுழூ செய்யக் கிணற்றடிக்குப் போனார்.